இந்த வண்டி இதுவரை எதைச் சுமந்தது? பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன்

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுவதற்காக நான் வாங்கிய முதல் பழைய வண்டி, பார்வைக்குப் புது மாப்பிள்ளை போல இருந்தது. புதிய பெயின்ட், பளபளக்கும் பம்பர், சீட்டுக்குப் பூப்போட்ட உறை. மீட்டர் அறுபதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது மாதம், நாங்குநேரியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் தகட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. பட்டறையில் தூக்கிப் பார்த்தால், பெயின்டுக்கு அடியில் இரும்பு அப்பளம் போல உதிர்ந்தது. "மீன் ஏற்றிய வண்டி அண்ணாச்சி. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறது" என்றார் பட்டறைக்காரர். விற்றவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்காகவும் உறவினர்களுக்காகவும் பல வண்டிகளைப் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கடைசியில்தான் கேட்கிறேன். மீட்டரைத் திருத்த அரை மணி நேரம் போதும். எதைச் சுமந்தது என்பதை வண்டியின் உடம்பிலிருந்து அழிப்பது அவ்வளவு எளிதல்ல.

உங்கள் சுமை எவ்வளவு?

வண்டி பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: ஒரு நடைக்கு எத்தனை கிலோ, எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நாள். வாரம் ஒரு நடைதான் என்றால் வண்டியே வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுப்பது மலிவு. இதைச் சொன்னதற்காக என் மைத்துனர் ஒரு மாதம் பேசவில்லை.

2005இல் வந்த டாடா ஏஸைத்தான் நம் ஊரில் குட்டி யானை என்கிறோம். பழைய மாடலில் இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின். ஏறக்குறைய முக்கால் டன் சுமக்கும். நெல்லை டவுன் ரத வீதிகளில் கடைக்குக் கடை சரக்கு இறக்க அதைவிட வசதியான வண்டி இல்லை. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர் வண்டி. ஒன்றேகால் டன் அளவுக்குச் சுமக்கும். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் இரண்டரை லிட்டர் இன்ஜின். வகையைப் பொறுத்து 1.3 முதல் 1.7 டன் வரை. ஒரு வாழைத்தார் பத்து கிலோ என்று வைத்தாலும் நூறு தார் ஒரு டன். எம்-சாண்ட் ஒரு யூனிட் நான்கு டன்னைத் தாண்டும். அரை யூனிட் ஏற்றினாலே இந்த மூன்று வண்டிகளும் அளவை மீறிவிடும். கட்டுமானப் பொருள் ஏற்றுவதுதான் முதன்மைத் தொழில் என்றால் உங்களுக்கு வேண்டியது பிக்கப் அல்ல, சிறிய லாரி.

பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வண்டியின் மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்த எடை அது. 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் எடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் இருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

அடுத்தது பி.எஸ். 4 வண்டியா, பி.எஸ். 6 வண்டியா என்ற கேள்வி. பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த அளவுகோல்; எண் கூடினால் கட்டுப்பாடும் கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மட்டுமே விற்பனைக்கு வந்தது. இந்த வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். நான்குவழிச் சாலையில் நாகர்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் ஓடும் வண்டிக்கு இது ஒரு சிக்கலே இல்லை. பாளையங்கோட்டைக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். உங்கள் ஓட்டம் இப்படிக் குறுகியது என்றால் நல்ல நிலையில் இருக்கும் பி.எஸ். 4 வண்டியை நான் தேடுவேன். கிராமத்துப் பட்டறைக்காரருக்கும் அது கை பழகிய வண்டி.

தொட்டி சொல்லும் கதை

வண்டியின் முன்பக்கம் போகாதீர்கள். நேராகப் பின்னால் போய், சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் ஏறுங்கள்.

மீன் வண்டியை மூக்கே கண்டுபிடிக்கும். பினாயில் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். பக்கப் பலகையின் இடுக்கில் மூக்கை வைத்தால் தெரிந்துவிடும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் ஓடிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் இணைப்புகள் வழியே சேசிஸில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் ஓடியதும் அப்படித்தான். கேபினுக்குப் பின்னால் சேசிஸும் தொட்டியும் சேரும் இடம், ஸ்பிரிங் பிராக்கெட், குறுக்குச் சட்டங்கள், பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய் ஆகிய நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். அரித்த இரும்பு மழுங்கலாகச் சத்தம் போடும், சில இடத்தில் உள்ளே போகும். சேசிஸ் மட்டும் அண்மையில் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், அதற்கு என்ன அவசரம் வந்தது என்று கேளுங்கள்.

ஆட்டு வண்டியைப் பலர் கவனிக்க மாட்டார்கள். மேலப்பாளையம் சந்தைக்கு வாராவாரம் ஆடு ஏற்றிப் போன வண்டியில் மூத்திரம் தரைத்தகட்டின் மடிப்புகளைத் தின்றிருக்கும். மேலே புதுத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கல், செங்கல், ஜல்லி ஏற்றிய வண்டியின் தரை நடுவில் குழிந்திருக்கும். பக்கப் பலகைகள் வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கும். பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு பட்டை கூடுதலாக இருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறியே பிழைப்பு நடத்தியிருக்கிறது. பட்டை கூடினால் சுமை குறைவதில்லை; அது நேராகச் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் போகிறது. சேசிஸில் வெல்டிங் தழும்பு எங்கிருந்தாலும் நான் பேச்சை முடித்துக்கொள்வேன்.

தண்ணீர் கேன் வண்டிக்குச் சுமையும் உண்டு, ஈரமும் உண்டு. வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓடியதால் கிளட்ச், ஸ்டார்ட்டர், முதல் கியர், பிரேக் எல்லாமே வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது வாழைக்கறை படிந்த தொட்டி. அந்தக் கறுப்புக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, அதனால் பொய் சொல்லவும் தெரியாது. வாழை இடத்தை அடைக்கும், ஆனால் கல்லைப் போல அழுத்தாது. ஒரே ஒரு குறை: ஏத்தன் (நேந்திரன்) வாழை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கேரளச் சந்தையைப் பிடிக்க ஓடிய வண்டி என்றால் இரவெல்லாம் விரட்டியிருப்பார்கள். புளியரை வழியாக மலை ஏறி இறங்கியிருந்தால் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் தெரியும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடிக் கட்டு ஏற்றிய வண்டி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டியது. திருநெல்வேலி ஜங்ஷன், ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி என்று எத்தனையோ இடங்களில் வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றில் ஒரு பகுதி கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்தது. சகதித் தண்ணீரில் நின்ற வண்டி அடுத்த வாரமே ஸ்டார்ட் ஆகிவிடும். வயரிங் முனைகளில் பச்சை பூத்து, சென்சார் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். பொறுப்பு அதற்குள் கை மாறியிருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். பாதிக்கு மேல் நிறம் மாறி வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஸ்குரூக்களின் துரு, ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டுக்குள் வண்டல் வளையம் இவற்றைப் பாருங்கள். பழைய வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புதிதாக இருப்பதும் ஒரு சாட்சிதான்.

காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. 2024ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதற்கு முந்தைய பாலிசியில் 35 சதவீதம் இருந்து, 2024இல் பூஜ்யமாகியிருந்தால் பெரும்பாலும் அந்த முந்தைய பாலிசிக் காலத்தில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்." போனதும் இன்ஜினுக்கு மேலுள்ள மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அந்தச் சூட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு இருக்கலாம். பி.எஸ். 6 வண்டியில் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால், வடிகட்டி சரியாக எரியாமல் டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள்.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். இன்ஜின் விளக்கு தொடக்கத்திலிருந்தே எரியவில்லை என்றால் அதை யாரோ பிடுங்கிவிட்டார்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஊட்டியில் டீசல் வண்டி காலையில் முரண்டு பிடித்தால் குளிரைக் குறை சொல்லலாம். திருநெல்வேலியில் அந்தச் சாக்குச் செல்லாது. இங்கே ஆறிய இன்ஜின் நீண்ட நேரம் இழுத்தால் பேட்டரி, இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று சரியில்லை.

புகையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கொஞ்சம் கறுப்பு வந்து நின்றால் பழைய வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. நிற்காமல் கறுப்பு என்றால் இன்ஜெக்டர் அல்லது காற்று வரும் வழி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளை விடாமல் வந்தால் கவனம். அடுத்து, ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின் மீது தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், நீராவி ரயில் போலப் புகை கக்கினால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையில் முகம் மாறும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினில் பெரிய செலவு இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும்தான். இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை இன்ஜெக்டருக்கு ஒன்றாகச் சிறு பாட்டில்களில் பிடித்து அளக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பட்டறை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். புரோக்கர் கூட்டிப்போகும் மெக்கானிக்குக்கு நன்றிக்கடன் வேறு பக்கம் இருக்கும். உங்கள் மெக்கானிக்குக்கு அரைநாள் கூலியைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போங்கள். டீயும் வடையும் கூலி ஆகாது.

சுமையோடு ஓட்டுங்கள்

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது, சாப்பிடாமலே சமையலைப் பாராட்டுவது போன்றது. அரை டன்னாவது ஏற்றுங்கள். சிமெண்ட் மூட்டை பத்து போதும். ஏற்றியபின் சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது.

கிளட்சுக்கு ஓர் எளிய சோதனை: சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு நெல்லை ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் நாற்பது, அறுபது, எழுபது என்று வேகம் மாற்றும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மாறினால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் பல் தேய்ந்திருக்கலாம். கியர் போட்டுக் கிளம்பும்போது கீழே டங்கென்று அடித்தால் இன்ஜின் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு தேய்ந்திருக்கலாம். கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸ் திறக்க வேண்டிவரும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முன்டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னையும் அலைன்மென்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காகிதங்கள்

சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவது முதல் வேலை. எண்ணின் மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே பதியும். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ, மேடு பள்ளமோ இருந்தால் வண்டியை விட்டு விலகிவிடுங்கள்.

பதிவு எண் டிஎன் 72 என்றால் திருநெல்வேலி, 76 தென்காசி, 79 சங்கரன்கோவில், 69 தூத்துக்குடி, 92 திருச்செந்தூர். கடற்கரைப் பதிவு என்பதற்காகவே ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டாம்; சேசிஸை இரண்டு முறை பாருங்கள், அவ்வளவுதான். எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி, இன்ஷூரன்ஸ், கட்டாத அபராதம், எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு எல்லாவற்றையும் பாருங்கள். எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும் வண்டியை யாராவது அவசரமாக விற்றால், அந்த எஃப்.சி.க்கு ஆகும் டிங்கரிங், பெயின்ட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் வந்துவிடும்" என்ற வாரம் எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பதினான்கு மாதம் நீண்டது.

பணம் கைமாறும் நாளில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். ஒப்பந்தத் தாளில் வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதுங்கள். மாலை நான்கு மணிக்கு வாங்கிய வண்டி காலை பத்து மணிக்கு யாரையோ இடித்திருந்தால் அந்த மணிதான் உங்களைக் காக்கும். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். புரோக்கர் கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை விலை பேசும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகைக் கிழித்துப் போட்டு, உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.

வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரௌன் ஆயில், கூலண்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பெல்ட் எல்லாவற்றையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். விற்றவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொல்வார். அது உண்மையாகவே இருந்தாலும் மாற்றுங்கள்.

வண்டி வந்த வீட்டில் முதல் கோரிக்கை எப்போதும் கோயிலிலிருந்து வரும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு, இல்லை திருச்செந்தூருக்கு, எல்லோரும் பின்னால் ஏறிப் போகலாமே என்பார்கள். சரக்கு வண்டித் தொட்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு. பெரியம்மா கோபித்துக்கொண்டாலும் ஒரு வேன் பிடித்துக் கொடுங்கள். பாத்திரம் பண்டத்தையும் அரிசி மூட்டையையும் உங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் போங்கள்.